வாய் நிறையத் தண்ணீர்

2015 ஆகஸ்ட் 30, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே காலுக்கு, நல்லாங்காட்டுப்புதூர் கல்யாண மண்டபத்தில் எண்ணூறு பேர் பார்த்திருக்க, பொங்கியண்ணன் தன் மனைவி சாமியாத்தாளைக் கன்னத்தில் அறைந்தான். கை பட்டது அவள் கன்னத்தில், அடி விழுந்தது எட்டடி தள்ளி நின்றிருந்த, கல்யாணப் பெண்ணின் தாயார் சுலோச்சனாவின் கன்னத்தில். சுலோச்சனாவின் இடது காதுத் தோடு கழன்று அட்சதைத் தட்டில் விழுந்தது. ஐந்து விரல்களும் அவள் முகத்தில் சிவப்பாகத் தடித்து எழுந்தன. சாமியாத்தாளின் முகத்தில் ஒன்றுமில்லை, பவுடர்கூடக் கலையவில்லை.

மாப்பிள்ளை பூபதி சாமியாத்தாளின் ஒரே தம்பி. அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தாள் பட்டுடுத்தி அவன் அருகில் நின்று இணைச்சீர் செய்ய வேண்டும், அது ஆகாமல் தாலி ஏறாது. சாமியாத்தாளுக்கு வயது நாற்பத்தொன்று, இடது மார்பில் புற்று, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை மருந்து ஏற்றியாகிவிட்டது, தலையில் முடியில்லை, புருவமும் பாதி உதிர்ந்திருந்தது. சீருக்குப் பெரியப்பா மகள் ஒருத்தியை ஏற்பாடு செய்திருந்தார்கள், சாமியாத்தாளைப் பந்திப் பக்கம் உட்காரச் சொல்லியிருந்தார்கள். அவள் உட்காரவில்லை. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு மணவறையில் ஏறித் தம்பியின் பக்கத்தில் நின்றாள். இந்த மொட்டைத் தலையும் நோவுமாக வந்து நின்றால் என் பெண் பிழைப்பாளா என்று சுலோச்சனா கேட்டாள், மைக் திறந்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. பொங்கியண்ணன் சம்பந்தியம்மாளைக் கண்டிக்க முடியாதவனாகவும் அவமானத்தைத் தாங்க முடியாதவனாகவும் இருந்தபடியால், தன்னால் முடிந்ததைச் செய்தான்.

முகூர்த்தம் தவறக் கூடாது என்பதற்காக யாரும் அப்போது இதைப் பற்றிப் பேசவில்லை. பெரியப்பா மகளே சீர் செய்தாள், தாலி ஏறியது, சுலோச்சனா ஒரு கன்னத்தில் ஐஸ் துணியை வைத்துக்கொண்டு அட்சதை போட்டாள். பந்தியில் இரண்டாம் முறை சாம்பார் வந்தபோதுதான் பேச்சு ஆரம்பித்தது, அன்றைக்கே பல பேர் அடி வாங்கினார்கள். ஏனென்றால் பொங்கியண்ணன் வீட்டுக்குப் போய் அவளை மறுபடியும் அடித்தான்.

ஊருக்கு விதி புரிய ஒரு மாதம் ஆனது. சாமியாத்தாளைப் பற்றிக் கடைசியாகக் குறை சொன்னது யாருடைய வாயோ, அவள்மேல் விழுவதெல்லாம் அந்த உடம்புக்குப் போகும். அவ்வளவுதான். ஏன் என்று கேட்டு யாரும் கோடாங்கியிடமோ வாத்தியாரிடமோ போகவில்லை. நல்லாங்காட்டுப்புதூர் விசைத்தறி ஊர். வீட்டுக்கு நாலு தறி, பகலெல்லாம் ஊடைநூலைச் சுமந்தோடும் நாடா இரண்டு பக்கமும் முட்டி மோதும் சத்தம், அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. கரண்ட் போனால்தான் அங்கே வாய் திறக்கும். தறி நின்ற மறு நிமிடம் ஆட்கள் கயிற்றுக் கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போட்டு, மூச்சை விட்டு, அன்றைக்குச் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் பேசுவார்கள். ஆகையால் அந்த ஊரில் அடிகளும் கரண்ட் போன நேரத்தில்தான் விழுந்தன. பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று முதுகை வளைத்துக் கத்துவாள், மற்றவர்கள் உடனே பேச்சை மழைக்கு மாற்றுவார்கள்.

பிறகு கையால் பேசக் கற்றுக்கொண்டார்கள். தறிச் சத்தத்தில் பிழைக்கிறவர்களுக்குப் பாதி சைகை ஏற்கெனவே தெரியும். உள்ளங்கையால் தலையை வழித்துக் காட்டி, மார்பில் ஒரு தட்டுத் தட்டி, கட்டைவிரலைக் கீழே காட்டினால் சாமியாத்தாளைப் பற்றிச் சொல்ல வேண்டியது எல்லாம் சொல்லியாகிவிடும். சைகைக்கு அடி இல்லை என்று கண்டுபிடித்த நாளில் ஊரில் ஒரு நிம்மதி தெரிந்தது. அவள் தெருவில் நடந்தால் இரண்டு பக்கத்துத் தறிப்பட்டறை ஜன்னல்களிலும் கைகள் தலையை வழித்துக்கொண்டிருக்கும். வீட்டில் அவளுக்குத் தனி டம்ளர், தனித் தட்டு. பொங்கியண்ணன் கட்டிலைத் தறிப்பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டான். நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் பன்னிரண்டாவது படித்த மகள் மதிவதனியிடம், படிப்பு கெட்டுவிடும் என்று, அம்மாவுக்கு வயிற்றில் சின்னக் கட்டி என்று சொல்லிவைத்திருந்தார்கள். எந்த இடம் என்று சொன்னால் பிற்பாடு பெண்ணைக் கேட்டு யாரும் வர மாட்டார்கள்.

இந்த நிலையில் பட்டறை முதலாளி நாச்சிமுத்துவுக்கு ஒரு யோசனை தோன்றியது. அவருக்கும் பக்கத்துப் பட்டறைக் குழந்தைவேலுவுக்கும் பொதுச் சுவர் ஒன்றின்மேல் பத்து வருஷப் பகை, இரண்டு தரம் கைகலப்பு, ஒரு கேஸ். ஒருநாள் கரண்ட் போனபோது நாச்சிமுத்து வலியப் போய்க் குழந்தைவேலுவின் பக்கத்தில் டீ குடிக்க உட்கார்ந்து, சாமியாத்தாள் எப்படி இருக்கிறாளாம் என்று பொதுவாகக் கேட்டார். குழந்தைவேலு யோசிக்காமல், இனி அவ இருந்து என்ன ஆவப்போவுது என்றார். நாச்சிமுத்து, முன்பே பேசிவைத்தபடி, செல்போனில் பொங்கியண்ணனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தார். பொங்கியண்ணன் தறியில் நாடாவை விரட்டும் தோல் வாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான். குழந்தைவேலு டீக்கடைப் பெஞ்சிலிருந்து கீழே விழுந்து புரண்டார், சட்டை கிழியாமல் முதுகு கிழிந்தது.

அதன்பிறகு பொங்கியண்ணனுக்கு ஊரில் ஒரு மதிப்பு வந்தது. தறி மேஸ்திரியாக இருபது வருஷம் எண்ணெய்க் கையோடு திரிந்தவனைக் கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். மாமியார் மேல் வருத்தமுள்ள மருமகளும், பங்காளி மேல் வருத்தமுள்ள பங்காளியும், எதிராளியை எப்படியாவது வாய் திறக்கவைத்து அவனுக்குச் சேதி அனுப்பினார்கள். அவன் யாரையும் மறுக்கவில்லை. அவன் ஒரு சொல்லும் பேசாமல் அடித்தான். பேசாததால் ஒருநாளும் அவனுக்கு அடி திரும்பவில்லை. ஐப்பசியில் ஊருக்குள் உடையாத பல் உள்ள பெரிய மனிதர் குறைவு. நாச்சிமுத்துவுக்கே முன்பல் இரண்டு போயிற்று. அது குழந்தைவேலுவின் முறை.

வார் விழும்போது சாமியாத்தாள் அரிசி களைந்துகொண்டிருந்தால் களைந்துகொண்டே இருப்பாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் சன்னலில் நின்று பார்த்துவிட்டு, உனக்கென்ன ஆத்தா, வலிக்கிறதா என்ன, நாங்களும்தான் வாங்குகிறோம் என்று பெருமூச்சு விட்டார்கள்.

“வலிக்கலீன்னா அடிக்கலீன்னு ஆயிருமா?” என்று அவள் ஒருமுறை கேட்டாள். அவர்கள் சன்னலை விட்டு நகர்ந்தார்கள்.

அவள் டவுனில் இருக்கும் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் அம்மாள் அவளை உள்ளறைக்கு அழைத்துப்போய் முதுகையும் தொடையையும் பார்த்தார், ஒரு கீறல் இல்லை. காயம் எங்கே என்றார். குழந்தைவேலு முதுகில் இருக்கிறது என்றாள். அப்படியானால் குழந்தைவேலுதான் புகார் தர வேண்டும், அடி வாங்கினவர்கள்தான் புகார் தர முடியும் என்று இன்ஸ்பெக்டர் அம்மாள் சட்டப்படி சரியாகச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். குழந்தைவேலுவோ டீக்கடையில் தன்னை யாரும் தொடவில்லை என்பதற்கு முப்பது சாட்சி இருக்கும்போது யார்மேல் புகார் தருவார்.

அடி மட்டும்தான் இடம் மாறுகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மருந்து, கல்யாணத்துக்குப் பிறகு முதலாவது, அவள் கைவழியே இறங்கி முடிந்தபோது ஊரில் டீக்கடைக்காரர் பால் சட்டியிலேயே வாந்தியெடுத்தார், பத்து நாளில் அவருடைய மீசை டவலோடு வந்தது. நாலாவது மருந்துக்கு நாச்சிமுத்துவின் மனைவி தெய்வநாயகியின் இடுப்பு வரைக்குமான சடை குளியலறையில் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. தெய்வநாயகிக்கு எந்த நோயும் இல்லை. ஆனாலும் அவளுக்கும் தனி டம்ளர் வைத்தார்கள், நாச்சிமுத்துவும் கட்டிலை வெளியே போட்டார், அவள் ஒரு சீமந்தத்துக்குப் போனபோது வளையலை அவள் கைக்கு எட்டாமல் அடுக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சாமியாத்தாளைப் பரிசோதித்துவிட்டுக் கோபப்பட்டார். நாலு மருந்து ஏற்றியும் கட்டி சுருங்கவில்லை, வளர்ந்திருக்கிறது. ரத்தத்தைப் பார்த்தால் கடைசி இரண்டு மருந்தும் உடம்பில் பட்ட அடையாளமே இல்லை. கண்முன்னால் ஏறியது எங்கே போகிறது. இப்படியே போனால் தை தாண்டாது என்பதை டாக்டரம்மா நேரடியாகச் சொல்லவில்லை, அடுத்த வருஷத்துக்கான எதையும் எழுதாமல் விட்டார். துணைக்குப் போயிருந்தவள் பூபதியின் மனைவி யமுனா, சுலோச்சனாவின் மகள், மணவறையில் நடந்ததற்குக் காரணமான கல்யாணப் பெண். தாய் வாங்கின அறைக்காக முதலில் நாத்தனாரிடம் முகம் கொடுக்காமல் இருந்தவள், ஆஸ்பத்திரிக்குப் போக வேறு ஆளில்லாததால் ஒருமுறை வந்தாள், பிறகு எல்லா முறையும் வந்தாள், நாத்தனாரை நங்கை என்று முறை சொல்லிக் கூப்பிடவும் ஆரம்பித்தாள். அவள்தான் திரும்பி வரும் பஸ்ஸில் டீக்கடைக்காரரையும் தெய்வநாயகியையும் கூட்டிக் கணக்குப் பார்த்து, நங்கை, மருந்து உங்களுக்கு வரவில்லை, உங்களைப் பேசினவர்களுக்குப் போகிறது என்று சொன்னாள்.

சாமியாத்தாள் அவிநாசி வரும் வரை அந்தக் கணக்கை விரல்விட்டுப் போட்டுப் பார்த்தாள். பிறகு, “எம்பட வலி எனக்கு வரோணும், யமுனா. அது வந்தாத்தான் நான் பொழைப்பேன்” என்றாள்.

ஊர் வாயை அடைக்க முடியாது. அதனால் கடைசியாகக் குறை சொல்லும் வாய் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அவள் முடிவெடுத்தாள். ஐந்தாவது மருந்துக்கு நர்ஸ் ஊசியை எடுத்ததும் சாமியாத்தாள் தன்னைத்தானே வைய ஆரம்பித்தாள். நான் ராசியில்லாதவள், தம்பி கல்யாணத்தில் போய் நின்று சபையைக் கெடுத்தவள், புருஷனுக்கு ஆகாதவள், கட்டியைத் தொட்டுப் பார்த்தும் ஆறு மாசம் சொல்லாமல் இருந்த முட்டாள், மகளுக்கு இதையும் சீதனமாக வைத்துவிட்டுப் போகப்போகிறவள் என்று தாழ்ந்த குரலில் நிறுத்தாமல் சொன்னாள். ஊசி சுருக்கென்று வலித்தது. அவள் தலையசைத்துவிட்டுத் தொடர்ந்தாள், ஏனென்றால் மருந்து இறங்க நாலு மணி நேரம், அதற்குள் ஊரில் எந்த நிமிடமும் கரண்ட் போகலாம்.

அந்த வார்டில் பதினெட்டு நாற்காலிகள், பதினெட்டிலும் பெண்கள். முதலில் அவளைச் சும்மா இருக்கச் சொன்னார்கள். பிறகு ஒருத்தி அழுதாள். பிறகு எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததையே அவள் வாய்விட்டுச் சொன்னாள், வித்தியாசம் அது ஒன்றுதான். மூன்றாவது மணி நேரத்தில் சொல்வதற்குக் குறை தீர்ந்துபோயிற்று. அவள் பட்டறையில் நூல் சுற்றும் தார்க்குச்சி திருடினேன், பங்காளி வீட்டுக் கோழியை அடித்துத் தின்றேன் என்று பொய்யாகச் சேர்க்க ஆரம்பித்தாள், பக்கத்து நாற்காலிக்காரி கோழி எத்தனை கிலோ என்று கேட்டாள், வார்டு முழுக்கச் சிரித்தது. பொய்யும் செல்லுபடியானது. அன்றிரவு அவள் குடல் வாய்க்கு வரும்படி வாந்தியெடுத்தாள், யமுனா பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தாள். இன்னும் மூன்று மருந்துகள் இப்படியே ஏறின, கட்டி பாதியாகச் சுருங்கியது, அவள் தன்னைப் பற்றிச் சொன்னவற்றில் எவை பொய் என்பது நாளாவட்டத்தில் அவளுக்கே மறந்துபோயிற்று.

அறுவைக்குத் தேதி கொடுத்தார்கள். 2016 பிப்ரவரி 9, செவ்வாய், காலை ஒன்பதரை. யமுனா தேதியைப் பார்த்ததுமே உட்கார்ந்துவிட்டாள். நல்லாங்காட்டுப்புதூருக்கு மாதத்தின் இரண்டாம் செவ்வாய் பராமரிப்புக்காக மின்நிறுத்தம், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. ஊரில் எல்லாத் தறியும் நிற்கும், எல்லாக் கட்டிலும் வாசலுக்கு வரும், எல்லோரும் பேசுவார்கள். சாமியாத்தாள் மயக்கத்தில் கிடப்பாள், தன்னை வைய அவளால் முடியாது. யாராவது ஒரு சொல் சொன்னால் கத்தி அங்கே போகும், கட்டி இங்கேயே இருக்கும். தேதியை மாற்றினால் அடுத்த இடம் ஏப்ரலில் என்றார் டாக்டரம்மா, ஏப்ரல் வரை விடக்கூடாது என்றும் அவரே சொன்னார்.

சாமியாத்தாள் மாகாளியம்மன் கோயிலில் ஊர்க் கூட்டம் நடக்கும்போது போய் நின்றாள். முந்தானை போடாத மொட்டைத் தலையோடு நின்றாள். கைகள் எல்லாம் மடியில் அடங்கியிருந்தன.

“செவ்வாக்கெழம எனக்கு அறுக்கறாங்க. அன்னைக்குக் கரண்டு இல்லீங்க. நான் மயக்கத்துல கெடப்பேன், என்னைய நானே வைய முடியாது. எனக்காக ஒண்ணும் செய்ய வேண்டாங்க. நெஞ்சு உங்களுது, வாயும் உங்களுது, ரெண்டையும் பாத்துக்கோங்க.”

கும்பிடவில்லை. போய்விட்டாள்.

நாச்சிமுத்து தலைமையில் ஐந்து பேர் மின்வாரிய அலுவலகத்துக்குப் போய் நிறுத்தத்தை வேறு நாளுக்கு மாற்றச் சொன்னார்கள். காரணம் கேட்டார்கள். காரணத்தைச் சொன்னால் அது குறையாகிவிடுமோ என்று பயந்து ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அப்புறம் வழி சொன்னவள் சுலோச்சனா, அவளும் உள்ளூர்க்காரிதான். முதல் அடி வாங்கியவள் என்பதால் அவளுக்கு இந்த விஷயத்தில் ஒரு மூப்பு இருந்தது. நோன்பில் அம்மனுக்குப் பொங்கல் வைக்கிறவர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொள்வது அந்த ஊர் வழக்கம். துணிக்குள்ளும் முனகலாம், ஆகவே துணி போதாது, வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அவரவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வைத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் அடுத்தவன் வாயில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் அந்த ஊரில் யாருக்கும் இருப்புக்கொள்ளாது. அதனால் எல்லோரும் கல்யாண மண்டபத்தில் ஒன்றாகக் கூடுவது என்று தீர்மானித்தார்கள்.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்குத் தறிகள் நின்றன. மண்டபத்தில் ஆண்கள் இடதுபுறம், பெண்கள் வலதுபுறம், கல்யாணத்துக்கு உட்காருவதுபோலவே உட்கார்ந்தார்கள். வாசலில் வரவேற்பு மேஜையில் பன்னீர்ச் செம்புக்குப் பதிலாகத் தண்ணீர்க் குடம் இருந்தது. பிள்ளைகளுக்குப் பல்லில் ஒட்டும் கம்மர்கட் கொடுத்து வாயை அடைத்தார்கள். ஒன்பதரைக்கு எல்லோருடைய கன்னமும் உப்பியிருந்தது. அந்த ஊரில் பிறந்தவர்கள் யாரும் அதற்குமுன் அப்படிப்பட்ட அமைதியைக் கேட்டதில்லை. மின்விசிறியும் ஓடாததால் ஒருவர் மூக்கில் மூச்சு விடுவது இன்னொருவருக்குக் கேட்டது.

பத்து மணி வரை ஒழுங்காக இருந்தது. பிறகு நாச்சிமுத்து, கத்தி ஓடிக்கொண்டிருக்கும் இந்த நேரம் குழந்தைவேலுவுக்காகவே வந்தது என்று நினைத்தார். நாற்காலியை மெல்ல நகர்த்தி அதன் காலைக் குழந்தைவேலுவின் பாதத்தின்மேல் வைத்து முழுப் பாரத்தோடு உட்கார்ந்தார். குழந்தைவேலுவின் கண் பிதுங்கியது, தண்ணீர் மூக்குவழி வந்தது, சொல் வரவில்லை. அவருடைய மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்துவந்து குடத்து மேலிருந்த செம்பால் நாச்சிமுத்துவின் காதோரம் அடித்தாள். நாச்சிமுத்துவின் மகன் அவள் தலைமுடியைப் பிடித்தான். அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று வரிசையாகச் சொல்ல முடியாது. பத்து வருஷத்துப் பகை, அந்த ஆறு மாதத்து அடிகள், எல்லாம் எழுந்து நின்றன. மூக்கைப் பொத்தினார்கள், விலாவில் குத்தினார்கள், வயிற்றில் முட்டியால் இடித்தார்கள், எதிராளி வாயைத் திறந்து ஒரே ஒரு குறையைச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காக அடித்தார்கள். தண்ணீர் துப்பப்பட்டதும் அடித்தவனும் அடிபட்டவனும் சேர்ந்து குடத்துக்கு ஓடி வாயை நிறைத்துக்கொண்டு வந்து மறுபடி அடித்தார்கள். நானூறு பேர் சண்டையில் செருப்பு தேய்வதும் நாற்காலி முறிவதும் தவிர வேறு சத்தமில்லை. மணவறைப் படியில் ரத்தமும் தண்ணீரும் வழுக்கின. ஒரு பிள்ளை கம்மர்கட்டோடு அழுதது.

பதினொன்றரை மணி அளவில் தெய்வநாயகி, தலையில் அப்போதுதான் விரல்நுனி அளவு முடி வந்திருந்தவள், சண்டையிலிருந்து விலகி ஒரு தூணைக் காட்டினாள். தூணில் சாய்ந்து பொங்கியண்ணன் உட்கார்ந்திருந்தான். அவன் கன்னம் மட்டும் உப்பவில்லை. தான் ஒருநாளும் அவளைக் குறை சொன்னதில்லை என்றும், தனக்குத் தண்ணீர் தேவையில்லை என்றும் காலையிலேயே குடத்தைத் தாண்டிப் போயிருந்தான். சண்டை அப்படியே நின்றது. ஒவ்வொருவர் உடம்பிலும் ஒரு தழும்பு அவனுடையது. அவனுக்கு மிஸ்டு கால் கொடுத்தவர்களும் அதை மறந்தார்கள்.

அவனை மணவறைக்கு இழுத்து வந்தார்கள். வாரால் அடித்தார்கள், அவனுடைய தறி வார்தான், இடுப்பில் சுற்றியிருந்தது. பேசு என்று அவனிடம் சொல்ல ஒருவராலும் முடியவில்லை, எல்லோர் வாயிலும் தண்ணீர். ஆனால் அவனுக்குப் புரிந்தது. அவளால்தான் என்று ஒரு வார்த்தை, எல்லாம் அந்த நோயாளியால் வந்தது என்று ஒரு வார்த்தை, அது போதும், கத்தி அவன் நெஞ்சுக்கு வரும். விலா எலும்பு முறிந்தபோது அவன் ஐயோ என்றான். நாலு பேர் அவனுடைய வலது கையைப் படியின்மேல் விரித்துப் பிடித்தார்கள், குழந்தைவேலு நொண்டிக்கொண்டே போய், மண்டபக் கதவுக்கு முட்டுக்கொடுக்கும் கல்லைத் தூக்கி வந்து அதன்மேல் போட்டார். பொங்கியண்ணன் வாயைத் திறந்தான். நானூறு பேரும் முன்னால் சாய்ந்தார்கள். சொல் அவன் தொண்டையில் ஏறி வந்ததைப் பார்த்ததாகப் பலரும் பிற்பாடு சொன்னார்கள். அவன் அம்மா என்று அலறினான், வேறு எதுவும் சொல்லவில்லை. அது பாசமா பயமா என்று ஊரில் இரண்டு கட்சி உண்டு.

கோயம்புத்தூரில் கத்தி வைத்த இடத்தில் ரத்தம் வந்தது. அறுவை அறைக்கு வெளியே பெஞ்சில் யமுனா காலையிலிருந்து எச்சிலைக்கூடச் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தாள். மார்பையும் அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தாயிற்று, ஒரு தட்டில் வைத்துக் காட்டினார்கள், அவள் பார்த்தாள். ஒரு மணி சுமாருக்கு சாமியாத்தாள் கண் விழித்தாள். யமுனா தாய்க்குப் போன் செய்தாள். மண்டபத்தில் சுலோச்சனா போனைக் காதில் வைத்தாள், வாயில் தண்ணீர், கேட்க மட்டும் முடிந்தது.

“முடிஞ்சுதும்மா” என்றாள் யமுனா. “நங்கைக்கு வலிக்குதாம்.”

சுலோச்சனா தண்ணீரைத் துப்பவில்லை, விழுங்கினாள். அவள் தொண்டை இறங்கியதைப் பார்த்து ஒவ்வொருவராகத் தண்ணீரைத் தரையில் விட்டார்கள். அதன்பிறகும் யாரும் பேசவில்லை. ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது, தறிகள் ஓடின.

பொங்கியண்ணனை யார் அடித்தது என்று போலீஸ் விசாரித்தபோது நானூறு பேரும் தாங்கள் பேசவில்லை என்று சொன்னார்கள். அவனுடைய வலது கை விரல்கள் பிறகு மடங்கவே இல்லை, வாரைப் பிடிக்க முடியாது. மூன்று வருஷம் அவன் வீட்டில் யாரையும் அடிக்கவில்லை. சாமியாத்தாளுக்குக் கதிர்வீச்சு முடிந்தது, முடி சுருட்டையாகவும் நரைத்தும் வந்தது, மகளிடம் எந்த இடம் என்பதைச் சட்டையைக் கழற்றிக் காட்டினாள். ஊரில் அவளைப் பற்றி யாரும் குறை பேசவில்லை. முதலில் பயத்தில் மூடின வாய்கள் பிறகு பழக்கத்தில் மூடிக் கிடந்தன, சைகை செய்த கைகளும் நாளடைவில் வேறு ஆளைத் தேடிக்கொண்டன. இனிமேல் நீ நிம்மதியாக இருக்கலாம் என்று தெய்வநாயகி சொன்னதற்கு, மயக்கத்துக்கு முன்னால் கடைசியாக என்னைக் குறை சொன்ன வாய் என்னுடையது, இனிமேல் எது விழுந்தாலும் எனக்குத்தான் விழும் என்று சாமியாத்தாள் பதில் சொன்னாள்.

2019 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பா மகன் கல்யாணத்தில் இணைச்சீர் செய்ய அவளைக் கூப்பிட்டார்கள். அதே மண்டபம், அதே மணவறை. தட்டையான இடது பக்கத்தின் மேல் பட்டைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளைக்கு அருகில் நின்று செய்தாள், தாலி ஏறியது. தன்னைக் கேட்காமல் சபையில் ஏறினதற்காக, வீட்டுக்கு வந்ததும் பொங்கியண்ணன் வழக்கம்போல ஒரு சொல்லும் பேசாமல் இடது கையால் அவளை அறைந்தான். ஊரில் யார் கன்னத்திலும் ஒன்றும் விழவில்லை.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு, மகள் மதிவதனி வண்டி ஓட்ட, சாமியாத்தாள் அதே மகளிர் காவல் நிலையத்துக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் மாறியிருந்தார். காயம் எங்கே என்று கேட்டார். சாமியாத்தாள் வலது கன்னத்தைக் காட்டினாள், ஐந்து விரலும் இருந்தன. அன்று மாலை பொங்கியண்ணன் கைது செய்யப்பட்டான்.